மூன்று கிண்ணமும் ஒரு சிங்கமும்

கரண்டியைக் கவிழ்த்துத்தான் வாயில் வைப்பார் அக்கா. உதட்டைத் தாண்டும்வரை எல்லோரையும் போலத்தான். தாண்டியதும் மணிக்கட்டில் ஒரு திருப்பு, ரசம் அப்படியே நாக்கின்மேல் கவிழும். கண்கள் மூடிக்கொள்ளும். அந்த நேரம் அடுப்படியில் யாரும் பேசக்கூடாது, மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும். பிறகு தீர்ப்பு வரும்.

"பெருங்காயம் சரி. போட்ட கையிலதான் சவர்க்காரம் மணத்திருக்கு."

போட்ட கை என்னுடையது. முகர்ந்து பார்ப்பேன். சோப்பு மணக்கத்தான் செய்யும்.

இன்றைக்கும் தனியாக ஒரு ஃபிளாட்டில் எனக்கு மட்டும் சமைத்துக்கொண்டு நிற்கையில், முதுகுக்குப் பின்னால் அந்த மௌனம் வந்து நிற்கிறது. தீர்ப்புக்கு முந்தைய மௌனம். கையில் பிடித்த கரண்டியோடு காத்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் இருக்கும்.

பெயரை எழுதப்போவதில்லை, அக்கா என்றே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்கு விருதுநகர்ப் பக்கம், அவரை அண்ணன் என்பேன். ஆக்லாந்துக்கு வந்த பிறகு இங்கே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளைகள் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மருந்தியல் முதுகலை படிக்க வந்த நான், ஹென்டர்சனில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். 'வாடகைக்கு' என்ற சொல் காதில் விழுந்தால் அக்காவுக்குக் கோபம் வரும். "எங்களோட இருக்கிறன் எண்டு சொல்லு பிள்ளை."

அக்காவுக்கு வேலையே ருசி பார்ப்பதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சம்பள வேலை. சாஸ், சூப், டிப் என்று செய்து அடைக்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே ஓர் ஓரத்தில் வரிசையாகச் சின்னத் தடுப்பறைகள் இருக்குமாம். பண்டத்தின் நிறம் கண்ணை ஏமாற்றக்கூடாது என்பதற்காக உள்ளே சிவப்பு விளக்கு மட்டும் எரியும். சுவரில் ஒரு குட்டிக் கதவு திறந்து மூன்று கிண்ணங்கள் வரும். இரண்டில் இருப்பது ஒன்றேதான், ஒன்றில் மட்டும் ஏதோ மாறியிருக்கும். எது என்று சொல்ல வேண்டும். உப்புச் சப்பில்லாத பிஸ்கட்டைக் கடித்து, தண்ணீரில் வாய் கொப்பளித்து, அடுத்த மூன்று. செண்ட் பூசிக்கொண்டு போகக்கூடாது. கிராம்பு மெல்லக்கூடாது. அக்கா தலைக்கு எண்ணெய்கூட வேலையில்லாத நாளில்தான் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே விளையாட்டு வீட்டிலும் நடக்கும். அண்ணன் மூன்று கிண்ணத்தில் தேநீர் கொண்டுவருவார், ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சீனி கூட. அக்கா ஒரு வாய் வைத்ததும் கையை நீட்டிக் காட்டிவிடுவார். ஒருநாள் அண்ணன் குறும்பாக மூன்றிலும் ஒரே தேநீரை ஊற்றினார். அக்கா குடித்தார், திரும்பவும் முதலிலிருந்து குடித்தார். பிறகு கண்ணைத் திறந்து ஒரு பார்வை.

"மூண்டும் ஒண்டுதான். என்ன, விளையாட்டுக் காட்டுறியளோ? என்ர நாக்கை ஏமாத்தேலாது!"

"தெய்வமே!" என்று அண்ணன் குனிந்து காலைத் தொடப்போனார். அக்கா கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அவர் தலையில் ஊற்றினார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்று அண்ணன் பிற்பாடு சாட்சி சொன்னார்.

ருசி விஷயத்தில் அவர் வேறு யாருடைய சொல்லையும் ஏற்று நான் பார்த்ததில்லை. அதேபோல, எதையும் ஒளித்து அவரால் பரிமாறவும் முடியாது. விருந்தாளி கையில் தட்டைக் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்: "இதில எள்ளு கிடக்கு, கச்சான் எண்ணெய் கிடக்கு, ஒரு துளி பால் கிடக்கு." கச்சான் என்றால் கடலை. எல்லாம் தொழிற்சாலைப் பழக்கம். "உள்ள என்ன போட்டிருக்கோ அதை வெளியில எழுதோணும். இல்லாட்டி அது சாப்பாடில்லை, களவு."

அந்த அக்காவுக்குத்தான் அக்கி வந்தது.

இடது பக்கம், மார்புக்குக் கீழே தொடங்கி முதுகெலும்புவரை ஒரு வாரில் கட்டியதுபோலக் கொப்புளங்கள். டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பிய வேளையில் அண்ணனின் அம்மா வீடியோவில் வந்துவிட்டார். "அக்கிக்கு ஊசி மருந்தெல்லாம் ஆகாதுடா. நம்மூர்ல பானை செய்யுற வேளார்தான அக்கி மேல காவியால சிங்கம் எழுதுவாரு? அங்க வேளாருக்கு எங்க போவ, நீயே எழுது. காவி கெடைக்குமா?" காவி கிடைத்தது. கோலத்துக்கு ஓரம் கட்டுவதற்காக இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த பொட்டலம். அண்ணன் குழைத்தார். நான் வகுப்பு முடிந்து வந்தபோது வரவேற்பறையில் அக்கா குப்புறப் படுத்திருந்தார். மேசையில் போனைச் சாய்த்துவைத்து, மாமியார் சொல்லச் சொல்ல அண்ணன் சாமி படம் துடைக்கிற தூரிகையால் சிங்கம் வரைந்துகொண்டிருந்தார்.

"உலகத்தில எத்தினை மிருகம் கிடக்கு," அக்கா தலையணைக்குள் முகம் புதைத்தபடி சொன்னார். "எங்கட சனத்துக்குப் போய்ச் சிங்கமோ கீறுவியள்? சிங்கத்துக்குப் பயந்தெல்லோ இவ்வளவு தூரம் ஓடிவந்தனாங்கள்!"

"சும்மா இரு. வாலு கோணுது."

"வாலை எங்க கீறுறியள்? அங்க கீறாதேங்கோ, கூசுது!"

மூவரும் சிரித்தோம். போனுக்குள் மாமியாரும் சிரித்தார். சிங்கம் பார்ப்பதற்குக் கொழுத்த பூனை மாதிரிதான் இருந்தது. மூன்று நாள் எழுத வேண்டும் என்று சட்டம். எழுதி முடித்து டாக்டரிடம் போனபோது, அவர் காவியைச் சுரண்டிப் பார்த்து, மருந்தை ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

கொப்புளம் ஆறியது. காவி குளியலில் கரைந்து போனது. சிங்கம் போகவில்லை.

கொப்புளம் இருந்த இடத்தில் வலி தங்கிவிட்டது. வலி என்றால் எங்கள் அளவுகோலில் வராத வலி. துணி பட்டால் எரியும், காற்று பட்டால் எரியும், அழுத்திப் பிடித்தால் ஒன்றுமில்லை. நரம்பு கெட்டுப்போய், நெருப்பே இல்லாமல் நெருப்பென்று கத்திக்கொண்டிருப்பது. அக்கா நைட்டியின் இடது பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடமாடினார், பூனைக்குட்டியைப் பிடரியில் தூக்குவது போல. "சிங்கம் முழிச்சிட்டுது" என்றால் அன்றைக்குச் சமையல் அண்ணன்.

வலியையும் அவர் ருசியாகத்தான் சொன்னார். "இண்டைக்கு வாழைக்காய்த் தோல்" என்பார். "பின்னேரம் துருப்பிடிச்ச ஆணி." டாக்டர் வழக்கம்போலப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டபோதும் நல்ல ஆங்கிலத்தில் அதே வாழைக்காய்த் தோலைச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்து ஏழு என்றேன்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டார்: "ஏன் பிள்ளை ஏழெண்டு சொன்னனி? ஏழுக்கு என்ன ருசி?"

டாக்டர் எழுதிக் கொடுத்தது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை. நரம்பு வலிக்கு அதைச் சின்ன அளவில் கொடுப்பது உலக வழக்கம், எத்தனையோ பேரை எழுப்பி நடமாட வைத்த மருந்து. இதை நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். மூளையிலிருந்து முதுகெலும்பு வழியாக வலியைத் தணிக்க இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது, அது இது என்று சாப்பாட்டு மேசையில் விரலால் படம் போட்டேன். அக்கா பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து ஒரே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்திருந்தார்.

"இது விசருக்குக் குடுக்கிற குளிசையெல்லோ? எனக்கு விசர் எண்டோ அவர் நினைக்கிறார்?"

"அக்கா, பைத்தியத்துக்கெல்லாம் இல்லக்கா. பேருதான் அது. வேலை வேற."

"வெளியில ஒரு பேர், உள்ள வேற வேலையோ? நல்ல சாப்பாடு."

நண்பர்கள் வருகிற வீடு. யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும் என்று அண்ணன் மாத்திரைகளை வைட்டமின் போத்தலுக்கு மாற்றினார். அந்த வீட்டில் வெளியே ஒன்று எழுதி உள்ளே வேறொன்று இருந்த ஒரே போத்தல் அது. அக்கா அதை எடுக்கும்போதெல்லாம் லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வலி கொஞ்சம் தணிந்தது, உண்மைதான். ஆனால் எச்சில் வற்றிவிட்டது. காலையில் எழும்போது நாக்கு கம்பளித் துணியாகக் கிடக்கிறது என்றார். வேலையில் மூன்று கிண்ணம் வந்தது. இரண்டு முறை வாய் கொப்பளித்தும் தெரியவில்லை. தோராயமாக ஒன்றைக் காட்டினார், தப்பு. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார். "ஊகிச்சனான் பிள்ளை," என்றார். ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவர்போல. "நான் ஊகிச்சனான்."

அடுத்த நாளிலிருந்து மாத்திரையை நிறுத்தினார். நாக்கு திரும்பி வந்தது, கூடவே சிங்கமும். மதியங்களில் குளியலறைக் கூரையில் இருக்கிற சிவப்புச் சூட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு, இடது பக்கத்தைத் திறந்துவிட்டு, கதவை ஒருச்சாய்த்து உட்கார்ந்திருப்பார். காற்று அசையாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். பட்டப்பகலில் நடை முழுக்கச் சிவப்பாக இருக்கும். நான் புத்தகத்தோடு அந்த வழியே போனால் உள்ளேயிருந்து குரல் வரும்: "இண்டைக்குப் பட்டறி. பட்டறியை நக்கினது மாதிரி." பேட்டரியைச் சொல்கிறார். என்னிடம் சொன்னதா, சிங்கத்திடமா, இப்போதும் தெரியாது. அந்தச் சிவப்பு இன்னும் சில மதியங்களில் என் கண்ணுக்குள் எரிகிறது.

எனக்கு அப்போது உலகத்தில் தீர்வில்லாத பிரச்சினையே கிடையாது. ரயிலில் போகவர ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன். ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னேன்: "அக்கா, கஞ்சா!"

அண்ணன் எழுந்துபோய் ஜன்னலை மூடினார்.

"போதைக்கு இல்லண்ணா. மருந்தா. நரம்பு வலிக்குச் சிலருக்குக் கேக்குது. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது, ஆனா சிலருக்கு. வாய் காயும், ஆனா இவ்வளவு காயாது. அளவு பாத்து எடுத்தா..."

"இவ படிக்கப் போறாளா, இல்ல..." என்றார் அண்ணன்.

டாக்டர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. மயக்கம் தராத வகையை அவரே எழுதித் தரலாம், இப்போது அனுமதி உண்டு. அதன் விலையைச் சொன்னார். அண்ணன் மார்ட்கேஜை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மற்ற வகைக்கு வலி நிபுணரைப் பார்க்க வேண்டும், அவர் வழியாக வெலிங்டனில் சுகாதார அமைச்சுக்கு எழுதிக் கேட்க வேண்டும். நிபுணரைப் பார்க்கிற வரிசை எங்கேயோ முன்னால் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

வரிசையில் நிற்கிற நாளில்தான் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வேலிக்கு மேலே ஒரு ஜாம் போத்தலை நீட்டினார். அவருக்கு மூட்டுவலி. தக்காளிக் கூடாரத்துக்குள் தக்காளியோடு வேறொன்றும் வளர்த்தார். இந்த ஊரில் அப்படி நோயாளிகளுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பவர்களைப் பச்சைத் தேவதைகள் என்பார்கள் என்று நான் சொன்னேன்.

"தேவதையோ? போன கிழமை எங்கட குப்பை வாளியைக் காரால இடிச்சு விழுத்தினவவோ?"

ஆனாலும் அன்றைக்குப் பின்னேரம் ஒரு சொட்டு எண்ணெயைக் கரண்டியில் எடுத்தார். கவிழ்த்தார். கண்ணை மூடினார். அண்ணனும் நானும் சுவரோடு சுவராக நின்றோம்.

"ஆட்டிறைச்சிக் கறி," என்றார்.

"என்ன?"

"அப்பாவின்ர சிநேகிதர் ஒராள் வீட்டில ஆட்டிறைச்சி காய்ச்சேக்க ஏதோ இலை ஒண்டு கிள்ளிப் போடுவார். சொல்லமாட்டார் என்னெண்டு. அண்டைக்கு எல்லாரும் ரெண்டு மடங்கு சாப்பிட்டு, ஒண்டுமில்லாததுக்கெல்லாம் சிரிச்சவை. இதுதான் அது!" கண்ணைத் திறந்தார். "களவு பாருங்கோ."

மறுநாள் காலை கேட்டேன். "சிங்கம் கிடக்கு பிள்ளை. போகேல்லை. ஆனா படுத்துக் கிடக்கு. வாலை மட்டும் ஆட்டுது."

வேலை இல்லாத நேரமாகப் பார்த்துச் சொட்டு எண்ணி எடுத்தார். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அந்த வீட்டில் நான் பார்த்த நல்ல நாட்கள். நைட்டியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் புட்டு அவித்தார். மூன்று கிண்ணத்தில் சரியானதைக் காட்டினார். என் சாம்பாரைக் கேவலப்படுத்தினார். நான் எல்லோரையும் வென்றுவிட்டவள்போல ரயிலில் நின்றுகொண்டே போனேன், உட்காரப் பொறுமையில்லாமல்.

தொழிற்சாலையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் தட்டி ஒருவருக்குக் கால் உடைந்தது. மறுநாள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். புட்டி கொடுக்க வந்த பெண், வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டிருக்கிறார்: மருந்து மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா?

"ஓம் எண்டு சொன்னனான்," என்றார் அக்கா வீட்டுக்கு வந்து. "கஞ்சா எண்ணெய், இத்தினை சொட்டு, இந்த நேரம். கேட்டவ, சொன்னனான்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, வாய மூடிட்டு இருந்திருந்தா ஒருவேளை தெரியாமயே போயிருக்கும்ல?"

"உள்ள கிடக்கிறதைச் சொல்லாம எப்பிடி?"

"நீ என்ன சூப் டப்பாவா?"

அக்காவின் இடது கை மெல்லப் போய் நைட்டியின் மடிப்பைத் தூக்கிப் பிடித்தது.

டாக்டர் சீட்டு இல்லாததால் தொழிற்சாலைக்கு வேறு வழியில்லை. ஆனால் மேலாளருக்கு அக்காவின் நாக்குமேல் மரியாதை. இப்போதைக்கு வேலையிலிருந்து நின்று, உடம்பு சுத்தமான பிறகு வாருங்கள், புதிதாகச் சேருபவர்களுக்கு வைக்கிற கிண்ணப் பரிசோதனையில் தேறினால் பழைய இடம் உங்களுக்குத்தான் என்றார். அக்கா ஜாம் போத்தலை வேலிக்கு மேலே திருப்பிக் கொடுத்தார். பச்சைத் தேவதை அழுததாக அண்ணன் சொன்னார். பிறகு சட்டம் மெல்ல மெல்ல இளகியது. இன்று நான் வேலை செய்கிற மருந்துக்கடை அலமாரியில், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டிய அந்த எண்ணெய்ப் போத்தல்கள் நிற்கின்றன. அவற்றை நான் எப்போதும் லேபிள் முன்னால் தெரியும்படிதான் அடுக்குகிறேன்.

எண்ணெய் நின்றதும் சிங்கம் பசியோடு எழுந்தது. இரண்டு வாரம் அக்கா பொறுத்தார். நாக்கு கெட்டுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு வெளிச்சத்திலேயே கிடந்தார். ஒருநாள் ருசியைச் சொல்வதும் நின்றுபோனது. "எப்படி இருக்குக்கா?" என்றால் வெறுமனே, "நோகுது" என்றார். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய சொல். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். அண்ணன் வைட்டமின் போத்தலைக் கொண்டுவந்து கையில் வைத்தார். டாக்டர் அளவை ஒருமுறை கூட்டினார், இன்னொரு முறையும் கூட்டினார்.

சிங்கம் அடங்கிவிட்டது. துணி பட்டாலும் ஒன்றுமில்லை என்றார். நன்றாகத் தூங்கினார். கன்னத்தில் சதை பிடித்தது. நண்பர்கள் வந்து, ஆள் தெளிந்துவிட்டீர்கள் என்றார்கள். தட்டை நீட்டும்போது எள், எண்ணெய் எதையும் சொல்லவில்லை. என் கத்தரிக்காய்க் குழம்பு அடிப்பிடித்திருந்தது. சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள், வெயிலடிக்கிற ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். பழகிப் பார்க்கலாம் என்றார் அக்கா. அண்ணன் அடுப்படிக்குள் போய்த் தக்காளி சூப்பை மூன்று கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தார். அக்கா வாய் கொப்பளித்தார். கரண்டியை எடுத்தார். கவிழ்த்தார். கண்ணை மூடினார்.

அந்த மௌனம் மிக நீளமாக இருந்தது. பக்கத்து ஸ்டேஷனில் ரயில் ஒன்று வந்து, நின்று, போனது. இரண்டாவது கிண்ணம். மூன்றாவது. திரும்பவும் முதலாவது. தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு குழந்தை இருட்டில் சுவரைத் தடவுவதுபோல ஏதோ அலைந்தது. பிறகு சட்டென்று வெளிச்சம் வந்தது. கண்ணைத் திறந்தார்.

"மூண்டும் ஒண்டுதான்," என்றார். "என்ன, விளையாட்டுக் காட்டுறியளோ?"

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்தார், அக்காவின் காலைத் தொடப்போவதுபோல.

"ஆமா தெய்வமே. சும்மா வெளையாடினேன்."

"பாத்தியோ பிள்ளை?" அக்கா என் பக்கம் திரும்பினார். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "என்ர நாக்கை ஏமாத்தேலாது!"

தலையாட்டினேன். கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, மிச்சத்தை ஊற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். முதலாவது சூப். இரண்டாவது சூப். மூன்றாவது பட்டதும் வாய் சுருண்டு கண்ணில் நீர் வந்தது. ஒரே உப்பு. கடல் தண்ணீரைவிட உப்பு. அவர் எப்படியாவது கண்டுபிடித்துவிடட்டும் என்று அண்ணன் அள்ளிப் போட்டிருந்தார்.

வரவேற்பறையில் அக்காவின் குரல் கேட்டது. "இஞ்சேருங்கோ, நாளைக்கு என்னை வெள்ளன எழுப்பிவிடுங்கோ. தலைக்கு எண்ணெய் வைக்கேல்லை, சரியோ? நீங்களும் செண்ட் பூசிப்போடாதேங்கோ, காருக்குள்ள மணக்கும்."